ஹந்தானைக்கு இரண்டு கடல்

கண்டியில் இருந்துகொண்டு கடல் விடுமுறை பற்றி எழுதுவதா என்று சிரிப்பவர்கள் இலங்கை வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். ஹந்தானை மலையடியிலிருந்து கொழும்புக் கரைக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கு 180 அளவில் வரும். கல்பிட்டியும் மட்டக்களப்பும் விடியப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரக்கூடிய தூரம். காலியில் குடியிருப்பவருக்குத் தெற்குக் கடல் ஒன்றுதான் பக்கம். நிலாவெளியில் இருப்பவருக்குக் கிழக்கு ஒன்றுதான். ஆண்டில் பல மாதம் அவரவர் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது, படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மலையில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பக்கம் அடைபடும்போது மறுபக்கம் திறக்கிறது.

மோட்டார் படகை எடுத்துக்கொண்டு கரையோரமாக ஊர் ஊராகப் போவது, இரவில் ஒரு துறையில் கட்டிவிட்டுத் தூங்குவது, காலையில் அடுத்த ஊருக்கு விடுவது என்பது மேற்கு நாடுகளில் குடும்பங்கள் வழக்கமாக எடுக்கும் விடுமுறை. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் ஏறத்தாழ 4,800 கிலோமீற்றருக்கு உள்நீர்வழி ஒன்று உண்டு. திறந்த கடலுக்குள் பெரும்பாலும் போகாமலே, களப்பும் கால்வாயுமாக அதில் மாதக்கணக்கில் ஓடலாம். குரோஷியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளும், அவற்றுக்கிடையே தண்ணீர், மின்சாரம், எரிபொருள் தரும் படகுத்துறைகளும் இருக்கின்றன. நமக்கும் 1,300 கிலோமீற்றருக்கு மேல் கரை இருக்கிறது. அங்கு நடப்பது இங்கு நடக்குமா? தீவை ஒரே மூச்சில் சுற்றிவரும் பயணமாக நடக்காது. துண்டு துண்டாக, பருவம் பார்த்து எடுத்தால் நன்றாகவே நடக்கும்.

சுற்றிவர முடியாததற்கு முதற்காரணம் வடமேற்கில் இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இராமர் பாலத்தின் மணல்திட்டுகள். அவற்றுக்கு இந்தியப் பக்கத்தில்தான் பாம்பன் கால்வாய். நடுவே 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் கிழித்த கடல் எல்லை. அந்த எல்லையில் மீனவர் படும் பாடு பத்திரிகை படிப்பவர் எவருக்கும் தெரியும். உல்லாசத்துக்காக அங்கே போய் நிற்பவருக்கு இரு நாட்டுக் கடற்படையும் இரக்கம் காட்டப்போவதில்லை. இரண்டாவது காரணம் தென்கிழக்கு. கிரிந்தைத் துறையை விட்டால் அறுகம்பை வரை யால வனத்தின் ஓரமாக ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஒதுங்க ஒரு துறைமுகம் இல்லை. அதே இடத்தில் கடலுக்குள் பெரிய, சிறிய இராவணன் கோட்டைப் பாறைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 1873இலும் 1878இலும் பிரித்தானியர் அங்கே நடுக்கடலில் இரண்டு கலங்கரை விளக்கங்களைக் கட்டியது சும்மா அல்ல. 1961இல் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் அவருடன் போன இரண்டு பையன்களும் பெரிய பாறையருகே 1702இல் அச்சிட்ட ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களை அள்ளியெடுத்தார்கள். அவர் நண்பர் ஆதர் சி. கிளார்க் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். அந்த வெள்ளியை ஏற்றிவந்த கப்பல் அதே பாறையில் மோதித்தான் போனது. முக்குளிப்பவர்கள் அங்கே போவதற்கு மார்ச் கடைசி, ஏப்ரல் முற்பகுதி என்று சில வாரங்கள்தான் கடல் இடம் விடுகிறது. குடும்பத்தோடு போகிறவர் அந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

மற்றதெல்லாம் காற்றின் கையில். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மேற்கிலும் தெற்கிலும் அலை எழும்பிப் படகுகள் துறைக்குள் அடைந்துகொள்ளும். அப்போது கிழக்கில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரத் தண்ணீர் காலை வேளைகளில் மட்டமாகக் கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. அப்போது கிழக்கும் வடக்கும் மூடி, காலியும் மிரிஸ்ஸையும் கல்பிட்டியும் திறக்கின்றன. இடையில் மார்ச், ஏப்ரல் இரண்டும் பெரும்பாலும் எங்கும் அமைதி. ஆனால் பின்னேர இடிமுழக்கத்தை நம்பக் கூடாது. ஒக்டோபர், நவம்பரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வங்காள விரிகுடா தாழமுக்கங்களைப் பெற்றுப்போடும் மாதங்கள் அவை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை அங்குள்ள முதியவர்கள் இன்னும் நாள் சொல்லிப் பேசுகிறார்கள்.

பாடசாலை விடுமுறைகள் இந்தக் காற்றுக் கணக்கோடு அழகாகப் பொருந்துகின்றன. ஓகஸ்டுக்குக் கிழக்கு. டிசெம்பருக்குத் தெற்கு அல்லது மேற்கு. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டில் எது விருப்பமோ அது. ஓகஸ்டில் கண்டியில் பெரஹராக் கூட்டம், வீதி மூடல், வாகன நெரிசல். அந்தக் கிழமையில் ஊரை விட்டு ஓட நினைக்கும் ஹந்தானைவாசிக்குத் திருகோணமலையை விட நல்ல இடம் கிடையாது.

இன்னொரு விஷயம் நமக்குச் சாதகமானது. இலங்கையைச் சுற்றி வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்துக் கரைகளில் போல், கட்டிய படகு சில மணித்தியாலத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும் என்ற பயம் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது காற்றையும், தூரத்துப் புயல் அனுப்பும் நீண்ட அலையையும். தெவிநுவர முனைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை தரையே இல்லை. அங்கே காற்றில்லாத நாளிலும் கடல் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். வானிலை அவதான நிலையம் கடற்பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து நாள்தோறும் அறிக்கை தருகிறது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை, புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக அம்பாந்தோட்டை என்று வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அதே வரிகள்தான். மலைநாட்டில் அவை காதில் விழுந்து போகும் சத்தம். கடற்பயணத்துக்கு அவைதான் முதல் ஆவணம்.

படகு என்றதும் வெள்ளை நிறத்தில் படுக்கையறை வைத்த உல்லாசக் கலத்தை மனதில் வரைய வேண்டாம். அப்படிப்பட்டவை காலியிலும் கொழும்பிலும் உண்டு. பணம் உள்ளவர் நாளுக்கு வாடகை பேசலாம். நடைமுறையில் நமக்குக் கிடைப்பது 18 முதல் 23 அடி வரையான பைபர் படகு. பின்னால் 25 அல்லது 40 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம், மேலே வெயிலுக்கு ஒரு கூடாரம், இரண்டு பக்கமும் பலகை இருக்கை. ஓட்டுபவர் பெரும்பாலும் மீன்பிடியைப் பருவத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றுலாவுக்கு வந்தவர். அவருக்குத் தெரிந்த கடலை எந்த வரைபடமும் காட்டாது. எந்த முகத்துவாரத்தில் எந்தக் காற்றுக்கு அலை உடையும், எங்கே வலை விரித்திருப்பார்கள், எந்தக் கல்லுக்கு மேல் தண்ணீர் நிறம் மாறும் என்பதெல்லாம் அவர் கண்ணில் இருக்கிறது. இரவில் படகில் தூங்கும் வசதி இல்லை என்பது குறையல்ல. பகலில் ஓடி, இரவில் கரையில் விடுதியில் தங்குவதுதான் இந்தக் கரைக்குப் பொருந்தும் முறை.

சொந்தமாக வாங்கலாமா என்று கண்டியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இயந்திரத்தை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். உப்பு பிடித்தால் போயிற்று. வைத்துப் பார்க்கக் கரையில் ஆள் வேண்டும். ஆண்டில் பாதி நாள் அந்தக் கரை மூடியிருக்கும். மறு கரைக்குக் கொண்டுபோவதற்கு இழுவை வண்டியில் ஏற்றிக் கடுகண்ணாவை வளைவுகளில் இறக்கியேற்ற வேண்டும். மலைக்காரருக்கு இருக்கும் ஒரே வசதி இரண்டு கடலும் எட்டும் தூரம் என்பதுதான். படகு வாங்கியவர் அந்த வசதியையும் இழந்து ஒரு கரையில் கட்டுண்டு போவார்.

வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கடற்றொழில் திணைக்களத்தில் மீன்பிடிக்கப் பதிந்த படகு என்பது ஆள் ஏற்ற அனுமதி பெற்ற படகு என்று அர்த்தமாகாது. பயணிகளை ஏற்றும் அனுமதி தனியாக உண்டா, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி உண்டா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் காலத்துக்கென்று விட்டிருந்த இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அது ஆழ்கடலில் நடக்கவில்லை. கரையிலிருந்து பார்த்தால் மறுகரை தெரியும் தண்ணீரில் நடந்தது.

வடக்கு, கிழக்கில் யுத்த காலத்தில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு, நேரக் கட்டுப்பாடு, இயந்திரத்தின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு என்று எல்லாம் இருந்தன. இப்போது உல்லாசப் பயணிக்கு அந்த அளவு தொல்லை இல்லை. ஆனாலும் திருகோணமலை உள்துறைமுகத்தில் கடற்படைத் தளத்தை ஒட்டிய நீர்ப்பரப்புக்குள் போகக் கூடாது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு இல்லாமல் இறங்க முடியாது.

இனி எங்கே போவது? என்னைக் கேட்டால் முதலிடம் திருகோணமலைக்குத்தான். காரணத்தில் கொஞ்சம் ஊர்ப்பற்றும் இருக்கிறது. ஹந்தானையின் சரிவுகளில் விழும் மழை மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றின் வழியே கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. மலைப்பக்கத்தின் பழைய கதை ஒன்றும் அந்தக் குடாவில் தொடங்குகிறது. பாய்மரம் உடைந்து ஒதுங்கிய ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவர் மகன் றொபட் நொக்ஸையும் கண்டி அரசனின் ஆட்கள் 1660இல் அங்கேதான் பிடித்தார்கள். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டு மலைநாட்டை விட்டு வெளியேற முடியாமல் கிடந்தார். ஹந்தானைக்கு அப்பால் உடுநுவரைப் பக்கம் எலதெத்தவில் காணி வாங்கிக் குடியிருந்தார். 1679இல் தப்பி, அநுராதபுரக் காட்டுவழியே மல்வத்து ஓயாவைப் பிடித்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். கிழக்குக் கடலில் பிடிபட்டவர் மேற்குக் கடலில் வெளியேறினார் என்பது நம் இரண்டு கடல் கணக்குக்கு நல்ல சாட்சி.

திருகோணமலையில் மூன்று நாள் போதும். ஒரு நாள் நிலாவெளியிலிருந்து புறாமலை, அங்கிருந்து குச்சவெளிப் பக்கம். காலை ஏழுக்கு முன் புறாமலையில் இறங்கிவிட்டால் பவளப் பாறைக்கு மேல் கருநுனிச் சுறாக் குட்டிகள் முழங்கால் ஆழத்தில் திரிவதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும். இரண்டாம் நாள் கோணேசர் கோயில் பாறைக்குக் கீழே கடல் பக்கமாகச் சுற்றுங்கள். மலையில் நின்று கும்பிட்ட கோயில் தண்ணீரில் நின்று பார்க்கும்போது வேறாகத் தெரியும். பாறை செங்குத்தாக இறங்குவது போலவே கடலின் அடியும் இறங்குகிறது. துறைமுக வாயில் வரை ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று நுழைந்திருப்பதால்தான், மே முதல் ஓகஸ்ட் வரை திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன. மூன்றாம் நாள் குடாவைக் குறுக்கே கடந்து மூதூர், மகாவலி முகத்துவாரம். ஆற்று வாய்க்குள் போக விரும்பினால் படகுக்காரர் சொல்கிற நேரத்துக்கு மட்டும் போக வேண்டும். ஆறு வெளியே தள்ள, காற்று உள்ளே தள்ள, இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை நின்றபடியே உடையும்.

சின்னப் பிள்ளைகளும் கடலையே காணாத பாட்டியும் கூட வருகிறார்கள் என்றால் மட்டக்களப்பு வாவி. 56 கிலோமீற்றர் நீளம், சிற்றியந்திரப் படகு, அலை இல்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்தால் மீன் பாடும் என்பார்கள். கேட்டவர்களும் உண்டு, கேட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. நாங்கள் போனபோது கேட்டது ஓட்டோச் சத்தம்தான்.

டிசெம்பரில் கல்பிட்டி நல்லது. காலையில் டொல்பின் கூட்டம், பிறகு புத்தளம் களப்பின் தீவுகள். தெற்கில் காலியிலிருந்து மிரிஸ்ஸை வழியாகத் தெவிநுவர முனை வரை ஏறத்தாழ 45 கிலோமீற்றர் கரை, ஒரே நாளில் முடியும். முனையில் நிற்கும் 49 மீற்றர் கலங்கரை விளக்கம் நாட்டிலேயே உயரமானது. அதன் பக்கத்தில்தான் 1588இல் போர்த்துக்கேயர் தரைமட்டமாக்கிய தெனவரை நாயனார் கோயில் இருந்தது. அந்தக் கோயில் அந்தக் காலத்தில் மாலுமிகளுக்குக் கரை அடையாளம். இங்கே ஒரு எச்சரிக்கை: கிழக்கு–மேற்குக் கப்பற்பாதை முனையை ஒட்டியே போகிறது. திமிங்கிலம் தேடி வெளியே போகும் சிறுபடகு பெரும் கப்பல்களின் ஓட்டத்துக்கு நடுவே போய்விடும். கப்பலுக்குப் பிரேக் கிடையாது.

யாழ்ப்பாணத் தீவுகளைப் பற்றி எழுத ஆசை, இடமில்லை. குறிகாட்டுவானில் தொடங்கி நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் ஆழமில்லாத கடல். காற்று எழும்பினால் அலை சிறிதாகவும் நெருக்கமாகவும் அடித்து இடுப்பை ஒடிக்கும். ஆனால் கடலோட்டம் என்றால் என்ன என்று அறிய அந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, வல்வெட்டித்துறை மாலுமிகளே பாய் விரித்து ஓட்ட, 1938இல் மாசச்சூசெற்ஸ் குளொஸ்டர் துறையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த மரபில் வந்த தமிழர் இன்று உல்லாசப் படகு என்றால் வெள்ளைக்காரர் விஷயம் என்று நினைப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

மலையகத் தமிழருக்கு அந்த எண்ணம் வருவதற்குக் காரணம் வேறு. ஹந்தானைத் தோட்ட லயத்துக் குடும்பங்களுக்குக் கடல் என்றால் முன்னோர் மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்தது, 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிந்தவர்கள் இராமானுஜம் கப்பலில் திரும்பிப் போனது, அவ்வளவுதான். இந்தக் குடும்பங்களின் நினைவில் கடல் பிரிவுக்கானது. பொழுதுபோக்குக்காகக் கடலில் ஏறுவது இப்போதைய தலைமுறைக்கே சாத்தியமாகிறது. அவர்களைக் கண்டி வாவிப் படகோடு நிறுத்திவிடக் கூடாது.

ஏறும் நாளுக்குச் சில நடைமுறைகள். 40 குதிரைவலு இயந்திரம் முழு விசையில் மணித்தியாலத்துக்குப் 15 லீற்றர் அளவில் குடிக்கும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கூட. எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போக, மூன்றிலொரு பங்கு வர, மீதி தொடாமல் இருக்க வேண்டும். இயந்திரத்தை ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். விரல் தடிப்பில் ஒரு நீர்த்தாரை பீறிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் குளிரூட்டும் தண்ணீர். அது சொட்டுச் சொட்டாக வந்தால் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது என்று பொருள், புறப்படக் கூடாது. ஓட்டுபவரின் மணிக்கட்டில் சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவது அந்தக் கயிறுதான், ஆனால் பலர் அதைச் சுற்றி ஒரு பக்கம் வைத்துவிடுகிறார்கள். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். விடியலில் புறப்பட்டுப் பதினொரு மணிக்குள் கரை பிடித்தால், பின்னேரக் கடற்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இருட்டில் ஓடவே கூடாது. விளக்கில்லாத வலைகள் எங்கும் கிடக்கும்.

மலைக்காரருக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் இரவு கொத்துரொட்டியை விடுங்கள். காலையில் இரண்டு இடியப்பம், சொதி, இஞ்சித் தேநீர். படகின் நடுவில் பின்பக்கமாக உட்கார்ந்து, கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும். இறங்கியதும் படகுக்காரரிடமே கேளுங்கள், அன்று பிடிபட்ட பாரையோ கணவாயோ எந்த வீட்டில் நன்றாகச் சமைப்பார்கள் என்று. விடுதிச் சாப்பாட்டைவிட அது மேல்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மிரிஸ்ஸை, தங்காலை, வாழைச்சேனை, திருகோணமலை கொட்பே போன்ற மீன்பிடித் துறைமுகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் படகு கட்டும் மிதவை மேடை ஒன்று, எரிபொருள் நிரப்பும் வசதி, மீனவரின் இடத்தைப் பறிக்காத ஒரு மூலை, பருவத்துக்கு மீன்பிடிப் படகையே பயணிப் படகாகப் பதிந்துகொள்ள இலகுவான வழி. இவ்வளவும் செய்தால் துண்டுகள் இணைந்து கரையோரப் பாதை ஒன்று தானாக உருவாகும். புதிய துறைமுகம் கட்ட வேண்டாம். கட்டிய ஒலுவில் துறைமுகம் மணல் மூடிக் கிடப்பதைப் பார்த்த பிறகு அந்த யோசனையே வேண்டாம்.

வரும் ஓகஸ்டில் போவதென்றால் இப்போதே படகுக்காரரோடு பேசி, ஆட்களின் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வயதையும் சொல்லிவிடுங்கள். சிறுவர் அளவு உயிர்காப்பு அங்கி பல படகுகளில் இருப்பதில்லை. இல்லையென்று சொன்னால் நீங்களே முன்கூட்டி வாங்கிக்கொண்டு போங்கள். அங்கி இல்லாத பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள்.